பெண்பிள்ளையிடம் கேட்காத இரண்டு நாட்கள்



நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். தலைப்பை மட்டும் பார்த்து ஏச வேண்டாம். முழுக்க வாசித்துவிட்டு ஏசுங்கள், பதில் சொல்கிறேன்.

11ஆம் தரத்தில் ஒரு பிள்ளையின் கதிரை இரண்டு கிழமையாக வெறுமையாக இருந்தது. ஊரில் டெங்கு பரவிய நேரம், அதுவாக இருக்கும் என்று நினைத்தேன். பக்கத்தில் இருக்கும் பிள்ளைதான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "அவக்குக் காவின் எழுதியாச்சு டீச்சர்."

சாதாரண தரப் பரீட்சைக்கு அவளுடைய விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பியது நான்தான். அதில் அவள் கையெழுத்து வைக்க வேண்டும். முதலில் பிழையான இடத்தில் வைத்துவிட்டாள், வேறு படிவம் எடுத்து மறுபடியும் வைக்கச் சொன்னேன். பரீட்சைக்கு அவளுடைய கையெழுத்து இல்லாமல் முடியாது. காவினுக்கு அது தேவைப்படவில்லை. இது எனக்கு முன்பே தெரிந்த விடயம்தான், என் காவினிலும் என் கையெழுத்து இல்லை. ஆனால் அன்றைக்குத்தான் உறைத்தது. வரலாறு படிப்பிக்கிற ஆள் என்பதால், இது எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கித் தேட ஆரம்பித்தேன்.

நம்முடைய திருமணங்களை நடத்துவது 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். நடைமுறைக்கு வந்தது 1954 ஆகஸ்டில். பதிவின்போது மாப்பிள்ளை ஒப்பமிடுகிறார், பெண்ணின் வலீ ஒப்பமிடுகிறார், நிக்காஹ் செய்து வைத்தவர் ஒப்பமிடுகிறார். மணப்பெண்ணுக்கு இடமில்லை. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, அதை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். பெண்ணின் சம்மதம் தேவையில்லை என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. 25ஆம் பிரிவின்படி, ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்த பெண்ணின் வலீ திருமணம் நடக்கும் இடத்தில் இருக்க வேண்டும், அவளுடைய சம்மதத்தையும் தன் சம்மதத்தையும் தெரிவிக்க வேண்டும். அதாவது சம்மதம் உண்டு, ஆனால் அதைச் சொல்லும் வாய் வாப்பாவுடையது. உள்ளறையில் அவள் அழுதாளா, தலையாட்டினாளா, அவளிடம் கேட்டார்களா என்பதற்கெல்லாம் எந்தத் தாளிலும் அடையாளம் இல்லை. பின்னாளில் ஒரு பெண் காதியாரிடம் போய் "என்னைக் கேட்கவே இல்லை" என்றால், வலீயின் ஒப்பத்தைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

வயது விடயம் இதைவிடக் கஷ்டம். சட்டத்தில் குறைந்தபட்ச வயது என்று ஒன்று இல்லவே இல்லை. 23ஆம் பிரிவு 12 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் திருமணத்தைப் பதியக் காதியின் அனுமதி வேண்டும் என்கிறது. தடை என்று இல்லை, அனுமதி வாங்கு என்று மட்டும்தான். 1995இல் பொதுச் சட்டத்திலும் கண்டியச் சட்டத்திலும் வயதை 18 ஆக உயர்த்தினார்கள். நம்முடைய சட்டத்தைத் தொடவில்லை. அதே ஆண்டு தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தி, 16 வயதுக்குக் குறைந்த பெண்ணோடு உறவு கொள்வது அவள் சம்மதித்தாலும் குற்றம் என்றார்கள். கூடவே ஒரு விதிவிலக்கு: அவள் 12 வயதைக் கடந்த மனைவியாக இருந்தால் அது பொருந்தாது. இந்த விதிவிலக்கு யாருடைய பிள்ளைகளை மனதில் வைத்து எழுதப்பட்டது என்று நான் விளக்கத் தேவையில்லை.

நீதிமன்றத்துக்குப் போகலாமே என்று கேட்பீர்கள். 1978 அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை அந்தக் கதவை மூடி வைத்திருக்கிறது. அரசியலமைப்புக்கு முன்பிருந்த எழுத்துச் சட்டம் அடிப்படை உரிமைக்கு முரணாக இருந்தாலும் செல்லுபடியாகும். ஆகவே பாராளுமன்றம் திருத்தினால் மட்டுமே மாற்றம்.

சரி, 1951க்கு முன்னே?

இதில்தான் எனக்கு ஆச்சரியம் காத்திருந்தது. நம்மில் பலர் இந்தச் சட்டத்தை ஷரீஆ என்றே நினைத்திருக்கிறோம், குர்ஆனைத் தொடுவதுபோலப் பயப்படுகிறோம். அதன் வேர் ஒல்லாந்தர் காலத்துப் பத்தாவியாவில் இருக்கிறது, இன்றைய ஜகார்த்தா. அங்கே ஜாவா முஸ்லிம்களை நிர்வகிக்க ஒல்லாந்தர் தொகுத்து வைத்த சட்டத்தை 1770இல் ஆளுநர் பல்க் இலங்கைக்குக் கொண்டுவந்தார். வெள்ளைக்காரர் வந்த பிறகு, சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் அதைக் கொழும்பு மாகாணத்து முஸ்லிம் தலைவர்களிடம் காட்டி, இது நம் வழக்கத்துக்குப் பொருந்துகிறது என்ற அவர்களுடைய ஒப்புதலோடு 1806இல் முகம்மதியச் சட்டக்கோவையாக வெளியிட வழி செய்தார். பிறகு 1886இல் பதிவுச் சட்டம். 1929இல் காதி முறையைக் கொண்டுவந்த கட்டளைச் சட்டம், அது நடைமுறைக்கு வர 1937 ஆயிற்று. கடைசியில் 1951. ஒவ்வொரு கட்டத்திலும் மேசையைச் சுற்றி அதிகாரிகளும் ஊர்த் தலைவர்களும் ஆலிம்களும் இருந்தார்கள். 1951 பாராளுமன்றத்தில் ஒரு முஸ்லிம் பெண் உறுப்பினர்கூட இல்லை. பதிவாளரும் காதியும் ஆண் முஸ்லிமாகத்தான் இருக்க வேண்டும் என்றும் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள்.

மார்க்கப் பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில், கன்னிப் பெண்ணை அவளுடைய வாப்பாவோ வாப்பாவின் வாப்பாவோ சில நிபந்தனைகளோடு அவள் சம்மதமின்றியே முடித்துக் கொடுக்கலாம் என்ற கருத்து இருக்கிறது. அவளிடம் கேட்பது விரும்பத்தக்கது என்பதோடு நின்றுவிடுகிறது. ஹனபி மத்ஹபில் வயது வந்த பெண்ணை யாரும் அப்படி வற்புறுத்த முடியாது. அபூதாவூதில் பதிவான செய்தி ஒன்று உண்டு: ஒரு கன்னிப் பெண் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தனக்கு விருப்பமில்லாமல் தந்தை மணமுடித்து வைத்ததாக முறையிட்டபோது, அந்தத் திருமணத்தில் நிற்பதா விலகுவதா என்ற தெரிவை அவளிடமே விட்டார்கள். இதை எனக்குச் சொல்லித் தந்தவர் எங்கள் ஊர் மௌலவி ஒருவர்தான். "அப்படியென்றால் கையெழுத்து வாங்கினால் என்ன ஹஸ்ரத்?" என்று கேட்டேன். "மார்க்கத்தில் தடையில்லை, படிவத்தில் இடமில்லை" என்றார். பகிடிக்குச் சொல்லவில்லை.

படிவத்தில் இடம் உண்டாக்கத்தான் அரசாங்கங்கள் குழுக்களைப் போட்டன. 1972இல் கலாநிதி எச்.எம்.இஸட். பாரூக் தலைமையில் ஒன்று. 1990இல் கலாநிதி ஏ.எம்.எம். சஹாப்தீன் தலைமையில் ஒன்று. 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் ஒன்று, அதில் ஜெஸீமா இஸ்மாயில் போன்ற பெண்களும் இருந்தார்கள். அந்த மூன்றாவது குழு அறிக்கை கொடுத்தது 2018 ஜனவரியில். ஒன்பது வருடம்! குழு அமைத்த வருடம் பாலர் வகுப்பில் சேர்ந்த பிள்ளை அதற்குள் உயர்நிலை வகுப்புக்கு வந்திருக்கும், நம் சட்டத்தின்படி கல்யாணத்துக்கும் தகுதி பெற்றிருக்கும். அதுவும் ஒரே குரலில் வரவில்லை. வயது, பெண் காதி போன்ற விடயங்களில் குழு இரண்டாகப் பிரிந்து இரண்டு விதப் பரிந்துரை வைத்தது. அமைச்சருக்கு அது வசதி. நீங்கள் முதலில் ஒற்றுமைப்பட்டு வாருங்கள் என்று சொல்லிவிடலாம்.

2019இல், உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு, முஸ்லிம் பாராளுமன்ற உறுப்பினர்கள் கூடி, வயதை 18 ஆக்கவும் மணப்பெண்ணின் கையெழுத்தைச் சேர்க்கவும் இணங்கினார்கள். 2021இல் நீதியமைச்சர் அலி சப்ரி மறுபடி அமைச்சரவைக்குக் கொண்டுபோனார். அந்த வருடமே அமைச்சரவை இன்னும் மேலே போய்க் காதி முறையையே எடுத்துவிடப் போகிறோம் என்றது.

அந்தக் காலத்தில் ஊர் எப்படி இருந்தது என்பதை மறந்துவிட்டு இதைப் பேசினால் நேர்மையில்லை. 2020 ஏப்ரல் முதல் நம் ஜனாஸாக்களை எரித்தார்கள். பிறந்து சில நாளான பிள்ளையைக்கூட விடவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் அடக்கலாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்க விட்டார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் "ஒரே நாடு ஒரே சட்டம்" என்று ஜனாதிபதி செயலணி போட்டு, அதற்குத் தலைவராக ஞானசார தேரரை வைத்தார்கள். நம் மையித்தை நெருப்பில் போட்ட கை, நம் பெண்பிள்ளைகளைக் காப்பாற்ற வருகிறேன் என்று நீண்டால் யார் நம்புவார்கள்? நானும் நம்பவில்லை. முகநூலில் அந்த நாட்களில் "எங்கள் சட்டத்தில் கை வைக்காதே" என்று நானும் பகிர்ந்தேன், இப்போதும் என் பக்கத்தில் கீழே போனால் இருக்கும். அழிக்கவில்லை.

ஆனால் அந்தக் கோபத்துக்கு விலை கொடுத்தது நான் இல்லை. திருத்தம் நடக்காமல் போனதில் எனக்கு ஒரு நட்டமும் இல்லை, எனக்குப் படிப்பும் தொழிலும் இருந்தது. நட்டம் அந்த 11ஆம் தரப் பிள்ளைக்கு.

இனி மற்ற நாளுக்கு வருகிறேன். இதைப் பேசத்தான் கூடுதல் கூச்சம்.

கல்வியியற் கல்லூரி விடுதியில் ஒரு இரவு மின்சாரம் போய்விட்டது. புத்தளம், பேருவளை, அக்கரைப்பற்று என்று பல ஊர்ப் பிள்ளைகள் ஒன்றாக இருந்தோம். பேச்சு எங்கெங்கோ போய், ஒருத்தி தன் மகளுக்கு நாற்பதுக்குள் கத்னா செய்ததைச் சொன்னாள். பெண்பிள்ளைக்குமா என்று கேட்டவர்களும் எங்களில் இருந்தார்கள். அடுத்த நாள் காலை இரண்டு மூன்று பேர் உம்மாவுக்கு போன் எடுத்தார்கள். எனக்கும் நடந்திருக்கிறதா உம்மா? இருபத்திரண்டு வயதில் தன் உடம்பைப் பற்றி உம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. எல்லா உம்மாமாரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: ஒஸ்தா மாமி வந்தா, சின்ன வேலைதான், உனக்கு ஒண்டும் தெரியாது.

சோனகர், மலாயர் இடையே இது பொதுவாகப் பிறந்து நாற்பது நாளுக்குள், வீட்டுக்குள், ஒஸ்தா மாமியின் கையால் நடக்கிறது. போறா சமூகத்தில் ஏழு வயதளவில். ஆண்பிள்ளையின் சுன்னத்து ஊருக்கே சாப்பாடு, பெண்பிள்ளையின் கத்னா வாப்பாவுக்கே சில வேளை தெரியாது. கணக்கெடுப்பு இல்லை, பதிவு இல்லை. நம்மிடம் நடப்பது ஆபிரிக்காவில் நடப்பது போன்றதல்ல என்று சொல்வார்கள். பெரும்பாலும் உண்மைதான், வெட்டித் தைக்கும் அந்த வகை இங்கே வழக்கத்தில் இல்லை. ஆனால் உலகச் சுகாதார நிறுவனத்தின் வகைப்படுத்தலில் மருத்துவக் காரணமில்லாத குத்தலும் கீறலும்கூடச் சேர்கின்றன. எவ்வளவு கீறப்படும் என்பது அந்த மாமியின் கண் பார்வையையும் கை நடுக்கத்தையும் பொறுத்தது.

ஷாஃபிஈ மத்ஹபில் இது வாஜிப் என்ற கருத்து வலுவானது. 2008இல் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவும் கட்டாயம் என்றே ஃபத்வா கொடுத்தது. 2017இல் சில முஸ்லிம் பெண்கள் தங்களுக்கு நடந்ததைப் பாராளுமன்ற மேற்பார்வைக் குழுவின் முன் எடுத்துவைத்தார்கள். அவர்களுடைய தைரியத்தை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கும். 2018இல் சுகாதார அமைச்சு ஒரு சுற்றுநிருபம் வெளியிட்டது: வைத்தியர்கள் இதைச் செய்யக் கூடாது. அவ்வளவுதான். சட்டம் இல்லை, தண்டனை இல்லை, ஒஸ்தா மாமியைப் பற்றி ஒரு சொல் இல்லை. நம் அமைப்புகள் சில அதையும் எதிர்த்து, வைத்தியர்கள் கையால் சுத்தமாகச் செய்ய அனுமதி கொடுங்கள் என்று கேட்டன.

வைத்தியர் செய்தால் பாதுகாப்புத்தானே என்ற வாதம் எனக்கும் ஒரு காலம் சரியாகப் பட்டது. அந்த வழியில் ஏற்கெனவே நடந்து பார்த்த முஸ்லிம் நாடுகள் இருக்கின்றன. எகிப்து 1994இல் குறிப்பிட்ட ஆஸ்பத்திரிகளில் செய்ய அனுமதித்தது, பிறகு அதை மீட்டு 1996இல் தடை போட்டது, மருத்துவத் தேவை என்று ஒரு ஓட்டையை விட்டு. அந்த ஓட்டைக்குள்ளால் வைத்தியர்கள் தொடர்ந்தார்கள், அதுவே அவர்களுக்கு வருமானமும் ஆயிற்று. 2007இல் ஒரு பாடசாலைச் சிறுமி ஒரு கிளினிக்கில் மௌத்தானாள். அதற்குப் பிறகுதான் சுகாதார அமைச்சு விதிவிலக்கே இல்லாமல் தடுத்தது, நாட்டின் முப்தி அலி ஜும்ஆ இது ஹராம் என்றார், 2008இல் சட்டம் வந்தது.

நமக்கு இன்னும் நெருக்கமானது இந்தோனேசியா. ஷாஃபிஈ மத்ஹப், உலகிலேயே அதிக முஸ்லிம்கள், நம் திருமணச் சட்டம் முதலில் புறப்பட்ட மண். அங்கே 2006இல் சுகாதார அமைச்சு வைத்தியர்களைத் தடுத்துச் சுற்றுநிருபம் வெளியிட்டது, கிட்டத்தட்ட நம்முடைய 2018 போல. 2008இல் அங்குள்ள உலமா சபை, இதைத் தடை செய்வது ஷரீஆவுக்கு முரண் என்று ஃபத்வா கொடுத்தது. கட்டாயம் என்று சொல்லவில்லை, சிறப்பான செயல் என்றது. அரசாங்கம் பின்வாங்கி 2010இல் எப்படிச் செய்வது என்று வைத்தியர்களுக்கு முறையே எழுதிக் கொடுத்தது. நாலு வருடத்தில் அதைத் தானே இரத்துச் செய்தது. 2024இல் பெண் கத்னாவை ஒழிக்க வேண்டும் என்று அரசாங்க ஒழுங்குவிதியிலேயே எழுதிவிட்டது. பதினெட்டு வருடம் முன்னும் பின்னும் அலைந்திருக்கிறார்கள். வீடுகளில் இன்னும் நடக்கத்தான் செய்கிறது.

திருமணத்திலும் அப்படியே. 1974ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே திருமணத்துக்கு இரு தரப்பின் சம்மதமும் அடிப்படை என்று எழுதியிருந்தார்கள். பெண்ணுக்கு வயது 16 என்றிருந்ததை 2019இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் 19 ஆக்கினார்கள். குறைந்த வயதில் முடிக்க நீதிமன்றத்தில் விலக்குக் கேட்பவர்கள் அங்கேயும் நிறைய. ஆனால் கேட்க வேண்டும், நீதிபதி முன் நிற்க வேண்டும். பத்தாவியாவிலிருந்து வந்ததை நாம் காப்பாற்றி வைத்திருக்கிறோம், பத்தாவியாக்காரர் மாற்றிக்கொண்டார்கள்.

சட்டம் வந்தால் எல்லாம் முடியும் என்றும் நான் நம்பவில்லை. இங்கிலாந்தில் பெண் கத்னாவைத் தடுத்தது 1985இல், முதலாவது குற்றவாளித் தீர்ப்பு வந்தது 2019இல். கட்டாயக் கல்யாணத்தை அங்கே தனிக் குற்றமாக்கியது 2014இல்தான். 2015 முதல், மாணவி ஒருத்தி தனக்குக் கத்னா நடந்ததாகச் சொன்னால் ஆசிரியர் கட்டாயம் பொலிசுக்கு அறிவிக்க வேண்டும். எனக்கு அதை நினைத்தால் பயமாகவும் இருக்கிறது. இந்த ஊரில் நான் ஒரு வாப்பாவைப் பற்றிப் பொலிசில் சொல்லிவிட்டு அடுத்த நாள் எப்படிப் பாடசாலைக்குப் போவேன்? அந்தப் பிள்ளையைத்தான் பிறகு யார் அனுப்புவார்கள்?

ஆகவே நான் கேட்பது சின்ன விடயம். பாராளுமன்றம் திருத்தும்வரை காத்திருக்காமல் நம் பள்ளிவாசல் நிர்வாகமும் பதிவாளர்மாரும் செய்யக்கூடியது. காவின் புத்தகத்தில் இடமில்லை என்றால் தனித் தாள் ஒன்று வையுங்கள். நிக்காஹுக்கு முன்பு, வாப்பா இல்லாத நேரம், நம்பிக்கையான இரண்டு பெண்கள் உள்ளறையில் போய்ப் பிள்ளையிடம் கேட்கட்டும், அவள் தன் கையால் பெயர் எழுதட்டும். சட்டத்தில் அதற்குப் பெறுமதி இல்லை. ஆனாலும் அழுகிற பிள்ளை ஒருத்தியாவது எழுத மறுப்பாள், அதை அந்த இரண்டு பெண்களும் பார்ப்பார்கள்.

கத்னா பற்றி: நாற்பது வரப்போகிற வீடுகளில் உம்மாமார் பேசிக்கொள்ளுங்கள். ஒஸ்தா மாமிக்குச் சொல்லி அனுப்புவதற்கு முன் பிள்ளையின் வாப்பாவிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

இன்னொன்று. உங்கள் உம்மம்மா, பெரியும்மாமாரிடம் அவர்கள் காலத்துக் காவின் எப்படி நடந்தது, யார் கேட்டார்கள், என்ன சொன்னார்கள் என்று விசாரித்து எழுதுங்கள். பெயர் ஊர் போட வேண்டாம். பொதுவில் எழுதக் கூச்சமாக இருந்தால் இன்பொக்ஸில் அனுப்பலாம், நான் யாருக்கும் காட்ட மாட்டேன். என் உம்மம்மாவிடம் கேட்டேன். அவருக்குப் பதின்மூன்று வயதாம். பந்தலில் சனம் கூடியதைப் பார்த்து, ராத்தாவுக்குத்தான் கல்யாணம் என்று நினைத்துக்கொண்டு கொழுக்கட்டை தின்றுகொண்டிருந்தாராம்.